பின் சக்கரத்தை யாரும் குனிஞ்சு பார்க்கிறதில்ல

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோட்ல கெஸ்ட் யாரும் கிடையாது, நான் மட்டும்தான். டாபிக்கைக் கேட்டா பாதிப் பேர் ஸ்கிப் பண்ணிடுவீங்க. கார் டயர். அதுலயும் பின் டயர். ஆனா ஒரு அஞ்சு நிமிஷம் பொறுங்க. இந்தக் கதையில என் அம்மா இருக்காங்க, அக்கா பொண்ணு இருக்கா, நான் சொல்லக் கிளம்பின ஒரு பெரிய பொய்யும் இருக்கு.

மதுராந்தகம் தாண்டி ஒரு ராத்திரி

போன நவம்பர். விழுப்புரத்துல ஒரு கல்யாணத்தை முடிச்சிட்டு சென்னைக்குத் திரும்பிட்டு இருந்தோம். நான் ஓட்டுறேன். பக்கத்து சீட்டுல அக்கா. பின்னாடி அம்மாவும் பாப்பாவும். பாப்பாவுக்கு ஆறு வயசு, நல்லா தூங்கிட்டு இருந்தா.

மதுராந்தகம் தாண்டினதும் மழை பிடிச்சுக்கிச்சு. ஸ்பீடு 80தான். ரோடு லேசா வலது பக்கம் திரும்புற ஒரு இடம். இடது ஓரத்துல தண்ணி தேங்கி நின்னுச்சு. அந்தத் தண்ணியில ஏறின அடுத்த நொடி, காரோட பின்பக்கம் இடதுபக்கமா நழுவுது. ஸ்டியரிங் என் கையிலதான் இருக்கு, முன் வீல் நான் சொன்ன பக்கம்தான் போகுது. ஆனா முதுகுக்குப் பின்னாடி இருக்கிற பாதிக் கார் வேற யாரோ ஓட்டுற மாதிரி தனியாப் போகுது.

பின்னாடி வந்த லாரி ஹாரன் அடிச்சது இப்பவும் காதுல இருக்கு. பிரேக்கை மிதிக்காம ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை மட்டும் எடுத்தேன். அது தெரிஞ்சு செஞ்சதில்ல, பயத்துல கால் தானா வந்துடுச்சு. தண்ணி முடிஞ்ச இடத்துல டயர் மறுபடி ரோட்டைப் பிடிச்சுது. மொத்தம் ரெண்டு செகண்ட் இருக்கும்.

அம்மா பின்னாடி இருந்து, "என்னடா ஆச்சு?"ன்னு கேட்டாங்க.

"மழைம்மா. ரோடு வழுக்குது."

அப்படித்தான் நானும் நம்பினேன்.

"கையை வைக்காதீங்க தம்பி, டார்ச் அடிச்சுப் பாருங்க"

அடுத்த நாள் காலையில எங்க தெரு முனையில இருக்கிற பஞ்சர் கடைக்குப் போனேன். காத்து மட்டும் செக் பண்ணலாம்னுதான் போனேன். காத்து சரியா இருந்துச்சு. விஷயத்தைச் சொன்னதும் கடைக்கார அண்ணன் எதுவும் பேசாம ஜாக்கி போட்டு பின்பக்கத்தைத் தூக்கினார். இடது பின் வீலுக்கு அடியில தலையை விட்டுப் பார்த்தார்.

"தம்பி, டயர் எப்ப மாத்துனீங்க?"

"போன வருஷம்தான்ணே. 16,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு."

"இங்க குனிஞ்சு பாருங்க. கையை வைக்காதீங்க, கம்பி கிழிச்சிடும். டார்ச் அடிச்சுப் பாருங்க."

பார்த்தேன். டயரோட வெளிப்பக்கம் கிட்டத்தட்ட புதுசு மாதிரி. பட்டன் ஆழமா இருக்கு. நான் தினமும் பார்க்கிறது அந்தப் பக்கம்தான். உள்பக்கம், அதாவது காருக்கு அடியில திரும்பியிருக்கிற பக்கம், சுத்தமா மொழுமொழுன்னு தேஞ்சு, ஒரு இடத்துல உள்ள இருக்கிற ஸ்டீல் கம்பியே வெளிய எட்டிப் பார்க்குது. ஒரே டயர்தான். பாதி புதுசு, பாதி செத்துப் போச்சு.

இதே வீல்ல இது ரெண்டாவது டயர். முதல் தடவை தேஞ்சப்போ மாத்திக் கொடுத்தவர், "டயர் குவாலிட்டி சரியில்ல சார்"னு சொன்னார். நானும் தலையாட்டினேன்.

எனக்குப் புரியாத ஒரே விஷயம் இதுதான்: 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை தவறாம வீல் அலைன்மென்ட் பண்ணியிருக்கேன். எல்லா பில்லும் டேஷ்போர்டுல இருக்கு. அப்புறம் எப்படி?

அண்ணன் பில்லைப் பார்த்துட்டு சிரிச்சார். "இது முன் வீல் மட்டும் பார்த்தது தம்பி. பின்னாடி யாரும் தொட்டிருக்க மாட்டாங்க."

கால் பாதத்தை வச்சுப் புரிஞ்சுக்கலாம்

இங்க ஒரு சின்ன கிளாஸ். எழுந்து நில்லுங்க. பஸ்ல இருந்தா மனசுக்குள்ள நில்லுங்க.

ரெண்டு பாதமும் நேரா முன்னாடி பார்க்கிற மாதிரி வையுங்க. இப்ப கால் விரல்கள் ரெண்டும் உள்பக்கம் பார்க்கிற மாதிரி திருப்புங்க. அது டோ-இன். வெளிப்பக்கம் திருப்பினா டோ-அவுட். மேல இருந்து பார்க்கும்போது வீல் எந்தப் பக்கம் திரும்பியிருக்குங்கிறதுதான் டோ.

அடுத்தது கேம்பர். காலை அகட்டி நின்னா கால் ரெண்டும் சாய்வா நிக்கும், இல்லையா? அந்த மாதிரி முன்னாடி இருந்தோ பின்னாடி இருந்தோ பார்க்கும்போது வீலோட மேல்பக்கம் காருக்கு உள்ள சாய்ஞ்சிருந்தா அது நெகட்டிவ் கேம்பர். கொஞ்சம் சாய்வு வேணும்னே கம்பெனியில வச்சிருப்பாங்க, வளைவுல பிடிப்பு கிடைக்கிறதுக்காக. அளவு தாண்டினா பாரம் மொத்தமும் டயரோட உள் ஓரத்துல இறங்கும்.

டயரை வேகமாத் தின்றது இதுல டோதான். ஏன்னா டோ தப்பா இருந்தா டயர் உருளுறது மட்டுமில்ல, கூடவே பக்கவாட்டுல தேய்ச்சுக்கிட்டும் போகுது. பாதத்தைக் கோணலா வச்சுக்கிட்டு நேரா நடந்தா செருப்பு ஒரு பக்கம் தேயுற மாதிரி.

என் கார்ல எவ்வளவுன்னு அப்புறம் தெரிஞ்சுது. கிண்டி பக்கத்துல நாலு வீலுக்கும் சேர்த்து அலைன்மென்ட் பார்க்கிற ஒரு இடத்துக்குப் போனேன். நாலு வீல்லயும் ஒரு பலகை மாதிரி மாட்டுறாங்க. எதிர்ல கேமரா அதைப் பார்த்து அளவு எடுக்குது. ஸ்க்ரீன்ல சரியா இருக்கிறது பச்சை, தப்பா இருக்கிறது சிவப்பு. முன்னாடி ரெண்டும் பச்சை. பின்னாடி வலது பச்சை. பின்னாடி இடது ரத்தச் சிவப்பு.

இடது பின் வீல்ல டோ மைனஸ் 0.7 டிகிரி, அதாவது வெளிப்பக்கம். வலதுல பிளஸ் 0.1. ரெண்டையும் கூட்டினா 0.6 டிகிரி டோ-அவுட். கேம்பர் வலதுல மைனஸ் 1.3, இடதுல மைனஸ் 2.4.

"வெறும் 0.6 டிகிரிதானே?"ன்னு நானும் கேட்டேன். கணக்குப் போடுவோம். ரெண்டு வீலும் ஒரே அச்சுல இருக்கிறதால அந்த 0.6 டிகிரியை ஆளுக்குப் பாதியா பங்கு போட்டுக்கும். ஒரு டயருக்கு 0.3. ஸ்கூல்ல படிச்ச சைன் டேபிளை எடுத்தா, ஒரு கிலோமீட்டர் ஓடினா 5 மீட்டருக்கு மேல டயர் பக்கவாட்டுல தேயுது. 16,000 கிலோமீட்டருக்குப் பெருக்கிப் பாருங்க. கிட்டத்தட்ட 84 கிலோமீட்டர். சென்னையில இருந்து ஏறக்குறைய மதுராந்தகம் வரைக்கும் டயரைத் தார் ரோட்டுல பக்கவாட்டா தேய்ச்ச மாதிரி.

அப்போ வலது டயர் ஏன் தப்பிச்சுது? முழுசாத் தப்பிக்கல. அதுலயும் உள் ஓரம் லேசா தேஞ்சுதான் இருந்துச்சு. இடது வீல் கூடவே உள்பக்கம் சாய்ஞ்சும் இருந்ததால, தேய்மானம் எல்லாம் அந்த ஒரு ஓரத்துல போய் விழுந்துடுச்சு.

இன்னொண்ணும் அப்பத்தான் விளங்குச்சு. நேர் ரோட்டுல போகும்போது என் ஸ்டியரிங் எப்பவும் லேசா இடது பக்கம் திரும்பித்தான் இருக்கும். பின் வீல் ரெண்டும் சேர்ந்து காரை எந்தத் திசையில தள்ளுதுங்கிறதுக்கு த்ரஸ்ட் ஆங்கிள்னு ஒரு அளவு இருக்கு. அது பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கணும். எனக்கு 0.4 இருந்துச்சு. தெருநாய் ஓடும்போது பின்னாடி இருந்து பார்த்திருக்கீங்களா? உடம்பைக் கொஞ்சம் கோணலா வச்சுக்கிட்டு ஓடும். என் கார் மூணு வருஷமா அப்படித்தான் ஓடியிருக்கு. முன் வீலை மட்டும் அளந்து, அந்த ஸ்டியரிங்கை நேராக்கிக் கொடுத்துட்டே இருந்திருக்காங்க. நோயை விட்டுட்டு வலிக்கு மாத்திரை.

"அட்ஜஸ்ட் பண்ண முடியாது சார்"

சரி, சிவப்பைப் பச்சையாக்கிக் கொடுங்கன்னு கேட்டேன். மெஷின்ல இருந்த பையன் தலையை ஆட்டினார். "பின்னாடி அட்ஜஸ்ட் பண்ண முடியாது சார். பீம் ஆக்ஸில்."

அவர் சொன்னது உண்மை. ஸ்விஃப்ட், பெலினோ, ஐ20 மாதிரி நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான சின்னக் கார்ல பின்னாடி டார்ஷன் பீம்தான் இருக்கும். ரெண்டு பின் வீலையும் சேர்க்கிற ஒரே இரும்புத் துண்டு. விலை கம்மி, இடம் அடைக்காது, பராமரிப்பும் குறைவு. ஆனா முன்பக்கம் டை ராடுல நட்டைத் திருப்பி டோ மாத்துற மாதிரி இங்க திருப்ப எதுவும் கிடையாது. எக்ஸ்யூவி700 மாதிரி பின்னாடி மல்டி-லிங்க் சஸ்பென்ஷன் இருக்கிற வண்டியில வேற கதை.

இந்த "முடியாது"ங்கிற வார்த்தையாலதான் எல்லாரும் பின் வீலை விட்டுடறாங்க. அட்ஜஸ்ட் பண்ண முடியாததை எதுக்கு அளக்கணும்? இதை நல்லா யோசிச்சுப் பாருங்க. திருப்புறதுக்கு நட்டே இல்லாத இடத்துல அளவு மாறியிருக்குன்னா, அது தானா மாறியிருக்க முடியாது. ஏதோ வளைஞ்சிருக்கு, இல்ல ஏதோ தேஞ்சிருக்கு. பெரிய பள்ளத்துல விழுந்திருக்கலாம். பிளாட்ஃபாரக் கல்லுல இடிச்சிருக்கலாம். பீமை பாடியோட சேர்க்கிற ரப்பர் புஷ் போயிருக்கலாம். இல்ல, ஆக்சிடென்ட்.

காரை லிஃப்ட்ல ஏத்தி அடியில பார்த்தோம். இடது பக்கம் பீம் முனையில மட்டும் கறுப்பு பெயின்ட் வேற மாதிரி மினுக்குது. பின் பம்பருக்கு உள்ள தகரத்தை அடிச்சு நிமித்தின தடம். இந்தக் காரை செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது என்கிட்ட சொன்ன முதல் வாக்கியம்: "நான்-ஆக்சிடென்ட் சார், நம்பி எடுக்கலாம்." அம்மாவோட ரிட்டயர்மென்ட் பணத்துல ஒரு பங்கு போட்டு வாங்கின கார்.

நான் எழுதின விளம்பரம்

இப்ப அந்தப் பொய் கதைக்கு வருவோம்.

பீம், புஷ், ரெண்டு டயர், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் எஸ்டிமேட். அன்னைக்கு என் அக்கவுண்ட்ல அந்தப் பணம் இல்ல. ஒரு ஃப்ரெண்டுகிட்ட புலம்பினேன். அவன் ரொம்ப சாதாரணமா சொன்னான்: "டேய், பின்னாடி ரெண்டு புது டயர் போட்டு வித்துடு. வாங்க வர்றவன் குனிஞ்சா பார்க்கப் போறான்? நீ பார்த்தியா?"

உண்மைதான். நான் பார்க்கல.

அன்னைக்கு ராத்திரியே காரைக் கழுவி போட்டோ எடுத்தேன். விளம்பரம் டைப் பண்ணேன். "சிங்கிள் ஹேண்ட் யூஸ், புது டயர், நான்-ஆக்சிடென்ட்." கடைசி வார்த்தையை டைப் பண்ணும்போது எனக்குக் கை நடுங்கல, எதுவும் ஆகல. அதை ஒத்துக்கணும். என்னை ஏமாத்தினாங்க, நான் கைமாத்தி விடுறேன், அவ்வளவுதான்னு தோணுச்சு.

அக்கா பக்கத்துல உட்கார்ந்து போனை எட்டிப் பார்த்தா. டயர் விஷயம் அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம் கேட்டா: "அன்னைக்குப் பாப்பா எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தா?"

"இடது பக்கம்."

"வாங்குறவங்க வீட்டுலயும் யாராவது அங்க உட்காருவாங்கடா."

அவ்வளவுதான் சொன்னா. எழுந்து போயிட்டா. நான் ரொம்ப நேரம் அந்த ஸ்க்ரீனையே பார்த்துட்டு இருந்தேன். போஸ்ட் பண்ணல. டெலிட் பண்ணிட்டேன். ரெண்டு மாசம் காரை எடுக்கவே இல்ல, பைக்லயும் மெட்ரோலயும் போனேன். பணம் சேர்ந்ததும் பீமை மாத்தினேன். மாத்தின பிறகு எடுத்த பிரிண்ட்அவுட்ல நாலு வீலும் பச்சை. அந்தக் காகிதத்தை ஆர்.சி. புக்கோட சேர்த்து வச்சிருக்கேன். பழைய சிவப்புப் பிரிண்ட்அவுட்டும் அதுலயே இருக்கு. என்னைக்காவது இந்தக் காரை வித்தா ரெண்டையும் சேர்த்துத்தான் கொடுப்பேன்.

நீங்க செய்ய வேண்டியது

கார் இருக்கிறவங்க, அப்பா கார் ஓட்டுறவங்க, செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறவங்க, இதைக் குறிச்சுக்குங்க.

முதல்ல, இந்த வாரம் ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, போன் டார்ச்சை அடிச்சுப் பின் டயரோட உள் ஓரத்தைப் பாருங்க. கம்பி இல்லைன்னு உறுதியான பிறகு உள்ளங்கையால தடவுங்க.

தேய்மானம் எப்படி இருக்குங்கிறதுல காரணம் தெரியும். நடுவுல மட்டும் தேஞ்சிருந்தா காத்து அதிகம். ரெண்டு ஓரமும் தேஞ்சிருந்தா காத்து கம்மி. ஒரு ஓரம் மட்டும்னா கேம்பர், டோ பக்கம் சந்தேகப்படுங்க. ஒரு பக்கமா தடவினா வழவழன்னும், எதிர்ப் பக்கமா தடவினா ரம்பப் பல் மாதிரியும் இருந்தா பெரும்பாலும் டோ. அங்கங்க குழி குழியா இருந்தா ஷாக் அப்சார்பர், இல்ல பேலன்சிங். பேலன்சிங் வேற, அலைன்மென்ட் வேற. வேகத்துல ஸ்டியரிங் அதிர்ந்தா முதல்ல பேலன்சிங் பாருங்க.

டயர் பள்ளத்துக்குள்ள குறுக்கா சின்னச் சின்ன மேடு இருக்கும். அதோட உயரம் 1.6 மி.மீ. பட்டன் அந்த மேட்டு மட்டத்துக்குத் தேஞ்சா டயர் முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஒரு ஓரம் மட்டும் அந்த மட்டத்துக்கு வந்தாலும் முடிஞ்சுதுதான். சராசரி கணக்கெல்லாம் கிடையாது.

அடுத்தது, ரெண்டு டயர் மட்டும் புதுசாப் போட்டா அதைப் பின்னாடி போடச் சொல்லுங்க. முன் வீல் இழுக்கிற காரா இருந்தாலும் இதுதான் சரி. நிறைய கடையில முன்னாடிதான் போடுவாங்க. மழையில முன் டயர் பிடிப்பு விட்டா கார் திரும்பாம நேரா போகப் பார்க்கும். உங்களுக்குத் தெரியும், வேகத்தைக் குறைப்பீங்க. பின் டயர் விட்டா கார் சுத்தும். அதை அடக்குறதுக்கு நம்மள்ல பல பேருக்குப் பழக்கம் கிடையாது. எனக்கும் கிடையாது. அன்னைக்குத் தப்பிச்சது அதிர்ஷ்டம்.

8,000, 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை டயர் இடம் மாத்துறது நல்ல பழக்கம். ஆனா ஒரு டயர் மட்டும் கோணலாத் தேயுதுன்னா, இடம் மாத்துறதுக்கு முன்னாடி ஏன்னு கேளுங்க. இல்லைன்னா அடையாளம் அழிஞ்சிடும், பிரச்சினை அப்படியே இருக்கும்.

அலைன்மென்ட் பண்ணும்போது, "நாலு வீலும் அளந்து, முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு பிரிண்ட் கொடுங்க"ன்னு கேளுங்க. எனக்கு முன் வீல் மட்டும் பண்ணவங்க பொய் எதுவும் சொல்லல. பில்லுல வீல் அலைன்மென்ட்னுதான் இருந்துச்சு. எத்தனை வீல்னு நான் கேட்கல.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது இந்த அளவை முதல்லயே எடுத்துப் பாருங்க. பீம் வச்ச கார்ல இடதுக்கும் வலதுக்கும் பெரிய வித்தியாசம் வந்தா, அந்தக் காருக்கு ஏதோ நடந்திருக்கு. டயர் பக்கவாட்டுல டாட் எழுத்துக்குப் பிறகு வர்ற கடைசி நாலு நம்பரையும் பாருங்க. 3521ன்னு இருந்தா 2021ஆம் வருஷம் 35ஆவது வாரம் தயாரானது. மூணு டயர் ஒரு வயசு, ஒண்ணு மட்டும் ரொம்பப் புதுசுன்னா, ஏன்னு ஒரு கேள்வி கேட்டு வைங்க.

அம்மாவுக்கு முன்னாடியே தெரியும்

போன மாசம் மறுபடி விழுப்புரம் போனோம். போறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன். அன்னைக்கு மழை மட்டும் காரணம் இல்ல, டயர் போயிருந்துச்சு, நான் கவனிக்கலன்னு.

அம்மா கோபப்படல. "நான்தான் சொன்னேனேடா, என் சீட்டுக்குக் கீழ 'ங்ங்ங்'னு ஒரு சத்தம் வருதுன்னு"ன்னாங்க.

ஆமா. சொன்னாங்க. ஆறு மாசமா, ஒவ்வொரு தடவை பின்னாடி உட்காரும்போதும் சொன்னாங்க. கோணலாத் தேஞ்ச டயர் ரோட்டுல உருளும்போது அப்படி ஒரு சத்தம் வரும். முன் சீட்டுல எனக்கு அது அவ்வளவாக் கேட்காது. "ரோடு அப்படிம்மா"ன்னு சொல்லிட்டு நான் பாட்டு சவுண்டை ஏத்தி வச்சிருக்கேன்.

இந்தத் தடவை செங்கல்பட்டு தாண்டினதும் அம்மா பாட்டை நிறுத்தச் சொன்னாங்க. கொஞ்ச தூரம் அமைதியாப் போனோம். "ம்... இப்ப இல்ல"ன்னு சொல்லிட்டு ஜன்னல்ல சாய்ஞ்சு தூங்கிட்டாங்க.

இந்த வாரம் உங்களுக்கு ரெண்டே வேலை. பின் டயரைக் குனிஞ்சு பாருங்க. பின் சீட்டுல உட்கார்றவங்ககிட்ட ஏதாவது சத்தம் கேட்குதான்னு கேளுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.